பங்களிப்பு: ஒரு பக்கத்துக்கு மிகாமல்

யார் என்ன செய்தார்கள் என்று
நாளை காலை பத்து மணிக்குள் எழுதித் தர வேண்டும்.
பிழையில்லாமல் எழுதுகிறவள் என்று
எனக்கொரு கெட்ட பெயர்.
வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வரி எளிது.
ரஹ்மத் நிஷா: மரபணு வரைபடம், கணக்கு.
அடுத்தது,
ஒச்சுராஜ்: தண்ணீர் மாதிரிகள்.
எழுதினால் இரண்டே சொல்.
எழுமலை, பேரையூர், டி.கல்லுப்பட்டி என
பஸ்ஸிலும் மாமாவின் மொபெட்டிலும்
நாற்பத்தொரு போர்வெல்.
ஓர் ஊரில் “எந்தக் கட்சிக்காரன்டா நீ” என்று
பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்கள்.
மாதிரிகள் என்ற சொல்லில்
அந்த வெயில் ஏற மறுக்கிறது.

ஸ்டெல்லா: பி.சி.ஆர்.
பதினெட்டு முறை ஜெல்லில் ஒன்றும் விழவில்லை.
இருட்டைப் படமெடுத்துத் தேதி போட்டு
பதினெட்டையும் நோட்டில் ஒட்டியிருக்கிறாள்.
பத்தொன்பதாம் முறை பட்டை விழுந்தது.
அன்று அவளுக்குக் காய்ச்சல்.
அவள் குறித்துவைத்த சூட்டளவை அப்படியே போட்டு
பட்டனை அழுத்தியவன் ஜெயகர்.
“நான் வெறும் பட்டன்தான்” என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
“ஆனா கை நடுங்காம ஊத்துனேன்ல?”
அதுவும் உண்மை.

ஜூனில் பிரிப்பது சுலபமாயிருந்தது,
வெள்ளைப் பலகையில் ஆறு கட்டம்.
ஆகஸ்டில் கட்டத்துக்குள் யாரும் இல்லை.
நாகமலைப் பக்கம் கரண்ட் போன இரவு
ஃப்ரீசர் வியர்க்கத் தொடங்க
மாட்டுத்தாவணி மீன் சந்தைக்கு ஓடினோம், ஐஸ் கேட்டு.
“எந்த மீனுக்கு?”
“மீனில்லண்ணே, பாக்டீரியாவுக்கு.”
ஒரு பாரை உடைத்துப் போட்டுவிட்டு
காசு வேண்டாம் என்று கையைத் துடைத்தார்.
அவர் பேர் கேட்க மறந்துவிட்டோம்.

அந்த ராத்திரியும்
தட்டுக்குள் இருந்தவை பிரிந்துகொண்டுதான் இருந்தன,
இரண்டாக, நான்காக, எட்டாக.
பிரிவதில் அவற்றுக்கு ஒரு சண்டையும் இல்லை.
எது எதிலிருந்து வந்தது என்று
கேட்பதற்குள் பதினாறு.

நாற்பத்தொரு தண்ணீரிலும்
ஃபுளோரைடு கண்டு பச்சையாய் ஒளிர்ந்தது ஒரே ஒரு வகை.
மூடியில் நீல மார்க்கர்: பொ-7.
சாய்ந்த எழுத்து, ஏழுக்கு நடுவே ஒரு கோடு.
பொற்கலை போட்டது.
ஜூலையில் ஃபீஸ் கட்ட முடியாமல் போனவள்
கப்பலூரில் நூல் மில்லில் இருக்கிறாள் இப்போது.
கடைசிவரை இருந்தவர்கள் பெயர் மட்டும் போதும்
என்று மேடம் சொல்லிவிட்டார்.
போஸ்டரில் பொ-7 மட்டும் நிற்கிறது.
போன வாரம் ஒத்திகையில்
“பொ என்றால் என்ன?” என்று ஒருவர் கேட்டார்.
“பொது சார்” என்றான் ஜெயகர்.
யாரும் சிரிக்கவில்லை.

ஷிஃப்ட் இடைவேளை பார்த்து போன் செய்தேன்.
“பேரெல்லாம் எதுக்குடீ” என்றாள்.
பின்னால் தறியா காற்றாடியா, ஏதோ இரைந்தது.
“ஃப்ரீசர்ல மூணாவது பெட்டி, அடி வரிசை.
இன்னொரு குழாய் வச்சிருக்கேன், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு.
மார்க்கர் அழிஞ்சிருக்கும்.
மேல எழுதிவிட்ரு, மறந்துறாத.”
சங்கு ஊதியது. வைத்துவிட்டாள்.

இருந்தது.
கட்டைவிரலால் பனியைத் தேய்த்தேன்.
பொ தெரிந்தது, ஏழு பாதி.
அவள் போடுகிற மாதிரியே
நடுவே கோடு இழுத்தேன்.

ஒரு பக்கத்துக்கு மிகாமல் என்பது விதி.
அடியில் ஒரு வரிதான் மிச்சம்,
என் பெயரை இன்னும் எழுதவில்லை.
எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து
பதினொன்றரைக்கு இறக்கினேன்.
எல்லோரும் இம்மி இம்மியாய்ச் சிறுத்து
இரண்டு வரிக்கு இடம் விட்டார்கள்.

பொற்கலை: பொ-7.
அதற்குக் கீழே நான்:
பழைய மார்க்கரின் மேல் புதிய மார்க்கர்.
மேடம் அடித்தால்
இரண்டையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டும்.